புதுத் துரையும் பழைய நிலுவையும்

நட்டத்தில் ஓடும் நிறுவனம் ஒன்றுக்குப் புதிய தலைவர் வரும்போது எழுதப்படும் செய்திகள் அவரைச் சுற்றியே இருக்கும். எங்கே படித்தார், முன்பு எந்தக் கம்பனியை நிமிர்த்தினார், எத்தனை ஆண்டில் இலாபம் காட்டுவதாகச் சொல்கிறார் என்பதெல்லாம் விரிவாக வரும். அங்கே வேலை செய்கிறவர்கள் அந்த நியமனத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியும் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகவே இருக்கும்: ஊழியர்கள் மாற்றத்தை விரும்பவில்லை, அல்லது எதிலும் அக்கறை இல்லாமல் இருக்கிறார்கள். இலங்கையின் மாத்தளை மாவட்டத்து அரச பெருந்தோட்டங்களைப் பற்றி இதைத்தான் பல தசாப்தங்களாகக் கேட்டு வருகிறோம். தலைவர்கள் மாறினாலும் தொழிலாளர் மாறுவதில்லை என்பது கொழும்பு அலுவலகங்களின் நிரந்தரப் புலம்பல். இந்தப் புலம்பலை நான் ஏற்கவில்லை. அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் புதிய தலைவரை அசட்டை செய்யவில்லை, மிகக் கவனமாகவே எடைபோடுகிறார்கள். ஆனால் அவர்கள் அவரைப் பார்ப்பது ஊழியர்களாக மட்டுமல்ல, அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களாகவும்தான். வரும் தலைவரோ தம்மைப் புதிய அத்தியாயத்தைத் தொடங்குபவராகக் கருதுகிறார். இந்த இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று சந்திக்காத இடத்தில்தான் "தொழிலாளர் எதிர்ப்பு" என்று பெயர் சூட்டப்படும் விடயம் பிறக்கிறது.

மாத்தளை, மலையகத்தின் வாசலாக இருந்த ஊர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் மலைநாட்டுக்குள் முதலில் கால் வைத்தது இங்கேதான். கோப்பிக் காலத்தில் தொடங்கி, பின் தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு என்று பயிர்கள் மாறின. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் எல்கடுவ, இறத்தோட்டை, உக்குவளைப் பக்கங்களில் இருக்கும் தோட்டங்கள், நுவரெலியாவின் உயர்நிலத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையை ஒருபோதும் பெற்றவை அல்ல. நடுத்தர உயரத் தேயிலை, முதுமையடைந்த விதைத் தேயிலைச் செடிகள், சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகள் என்று இயற்கையும் வரலாறும் சேர்ந்து இத்தோட்டங்களைப் பலவீனமான இடத்தில் வைத்திருக்கின்றன. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தலைவர் வந்தாலும் இங்கே இலாபம் காட்டுவது கடினம். அதைத் தொழிலாளரும் அறிவார்கள். இலாபம் வரவில்லை என்பதற்காக அவர்கள் எந்தத் தலைவரையும் வெறுத்ததாக நான் எண்ணவில்லை.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டு வந்தன. மத்திய மலைநாட்டில் ஒரு பகுதித் தோட்டங்கள் உசவசம என்ற கூட்டுறவு அமைப்பிடம் சில காலம் இருந்தன. பிறகு மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அதாவது ஜனவசம, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய இரண்டும் பெரும்பாலானவற்றை நிர்வகித்தன. 1992இல் ஏறத்தாழ 450 தோட்டங்கள் பிரதேசக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் முகாமைத்துவம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் விடப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றின் பெரும்பான்மைப் பங்குகளும் விற்கப்பட்டன. விற்க முடியாதவை, விரும்பி வாங்க ஆள் வராதவை அரசிடமே தங்கின. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் நடுத்தர உயரத் தோட்டங்கள் பல அப்படித் தங்கியவைதான். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளாண்டேஷன்ஸ் ஆகிய மூன்றும் இன்று அரசின் பெருந்தோட்ட நிறுவனங்களாக ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அரச நிறுவனங்களை ஆராயும் நாடாளுமன்றத்தின் கோப் குழுவிலும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளிலும் இவற்றின் பெயர்கள் சேர்ந்து வருவதற்கு நட்டம் ஒரு காரணம். தொழிலாளருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம் ஆண்டுக்கணக்காக நிலுவையாகக் கிடப்பது மற்றக் காரணம்.

இந்த நிறுவனங்களின் தலைவர் பதவி அரசாங்கத்தோடு சேர்ந்து மாறுவது. 2015 ஜனவரி, 2019 நவம்பர், 2022 ஜூலை, 2024 செப்டெம்பர் என ஒவ்வொரு முறையும் ஜனாதிபதி மாற, அமைச்சர் மாற, பணிப்பாளர் சபைகளும் மாறின. இடையில் அமைச்சரவை மாற்றங்கள் வேறு. ஒரு தோட்டத்தில் 30 ஆண்டு கொழுந்து பறித்த ஒருவர், தம் சேவைக் காலத்தில் தலைவர்களையும், துரைமார் எனப்படும் தோட்ட முகாமையாளர்களையும் எத்தனையோ தடவை வரவேற்று வழியனுப்பியிருப்பார். தலைவருடைய பார்வை எல்லை அடுத்த தேர்தல். தொழிலாளியின் பார்வை எல்லை ஓய்வு பெறும் நாளும் அதற்குப் பிந்திய முதுமையும். அந்த நிறுவனத்தின் எதிர்காலத்தில் யாருக்கு அதிக அக்கறை இருக்க நியாயம் உண்டு என்று கேட்டால், விடை தலைவரின் பக்கம் சாயாது.

நிலுவை என்று சொல்லும்போது அது எப்படிப்பட்ட பணம் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் மாதா மாதம் நிதிக்குப் போக வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் என்று கணக்கிட்டு, வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. தோட்டத்தில் இதைச் சர்வீஸ் காசு என்பார்கள். 30 ஆண்டு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இது 420 நாள் சம்பளம். 2020இல் அவர் ஓய்வு பெற்றிருந்தால், அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஆகவே 2,94,000 ரூபா. அந்தப் பணம் உரிய நேரத்தில் வந்திருந்தால் ஒரு வீட்டின் கூரையும் தளமும் ஆகியிருக்கும். சில ஆண்டு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. தொகை காகிதத்தில் அப்படியே இருக்க, அதன் பெறுமதி பாதியளவுக்கு இறங்கிவிட்டது. தாமதத்துக்கு மேலதிக அறவீடு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதலே வராதவருக்கு அறவீடு பற்றிப் பேசி என்ன பயன்?

சேமலாப நிதியில் இன்னும் ஒரு நுட்பமான அநீதி உண்டு. தொழிலாளியின் பங்கு அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகிறது. சம்பளச் சிட்டையில் அந்தக் கழிவு அச்சாகிறது. அது மத்திய வங்கியில் அவருடைய கணக்குக்குப் போய்ச் சேராவிட்டால், அது நிறுவனம் கொடுக்கத் தவறிய பணம் என்பதோடு, அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பணமும் ஆகிறது. அங்கத்தவர்கள் வீடு கட்டவும் மருத்துவத்துக்கும் கணக்கில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வசதி இருக்கிறது. கணக்கில் பணம் ஏறாதவருக்கு அந்த வசதியும் மூடிய கதவு. இப்படிப் பார்த்தால் இத்தோட்டங்கள் பல ஆண்டுகளாக இயங்கியது திறைசேரியின் உதவியால் மட்டுமல்ல. ஏழைகளான தம் தொழிலாளரிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கியும்தான் இயங்கியிருக்கின்றன. அந்தக் கடனுக்கு எந்தத் தொழிலாளியும் சம்மதக் கையெழுத்து வைக்கவில்லை.

இந்த நிலையில் புதிய தலைவர் நியமிக்கப்படுகிறார், அல்லது தோட்டத்துக்குப் புதுத் துரை வருகிறார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொழும்பில் யாரும் கவனிப்பதில்லை. பெயர் கொடுக்க வந்தவர்களின் எண்ணிக்கை, எந்த மலைக்கு எத்தனை பேர் போகச் சம்மதித்தார்கள், கொழுந்து நிறுக்கும்போது தராசில் கழிக்கும் நிறை குறைந்ததா கூடியதா, சம்பள நாளன்று சிட்டையோடு எத்தனை பேர் கிளாக்கரின் ஜன்னலுக்கு முன் நின்றார்கள் என்பவையே அங்கே வாக்குச்சீட்டுகள். புதுத் துரை வந்த முதல் வாரத்தில் எந்த மலைக்கு உரம் போட்டார், லயத்து வரிசை வீடுகளின் கூரைக்குத் தகரம் வந்ததா, போன வருடம் ஓய்வு பெற்றவர்களின் கோப்பு மேசையில் நகர்ந்ததா என்றுதான் பார்ப்பார்கள். முழுப்பேருக்கான, அதாவது முழுநாள் சம்பளத்துக்கான, கொழுந்து அளவை அவர் முதலில் உயர்த்தினால், வந்தவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உரம் காணாத, புல் மண்டிய, செடிக்குச் செடி வெற்றிடம் விழுந்த மலையில் அதிக கிலோ கேட்பது, முழுநாள் உழைப்புக்கு அரைப்பேர் போடுவதற்கு வழி. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது இது நாடு முழுவதும் உறைத்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 251 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. முன்பே உரம் காணாத அரச தோட்டங்களில் அந்த வீழ்ச்சியின் சுமையைக் கூடை சுமந்தவர்களே தாங்கினார்கள்.

தலைமை மாற்றத்துக்கு ஊழியர் காட்டும் எதிர்வினையைப் பற்றிச் சமூகவியலில் மிக ஆழமாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்கரான அல்வின் கூல்ட்னர். ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதோடு சேர்ந்த தொழிற்சாலையையும் ஆராய்ந்து 1954இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. தளர்வாக நடந்துகொண்ட பழைய முகாமையாளர் போய், உற்பத்தியை உயர்த்து என்ற கட்டளையோடு புதியவர் வருகிறார். பழையவர் காலத்தில் தொழிலாளர் சிறு சிறு சலுகைகளை அனுபவித்து வந்தார்கள்: நிறுவனத்துப் பொருளை வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துப்போகலாம், காயம்பட்டவருக்கு இலகுவான வேலை கிடைக்கும், தாமதமாக வந்தால் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். எதுவும் எழுத்தில் இல்லை. புதியவருக்கு அந்த வாக்குறுதிகள் தெரியாது. தெரிந்தாலும் அவற்றுக்குத் தாம் கட்டுப்பட்டவரல்ல என்று நினைக்கிறார். விதிகளை இறுக்குகிறார், தமக்கு நம்பிக்கையானவர்களைக் கொண்டு வருகிறார், மேற்பார்வையைக் கூட்டுகிறார். தொழிலாளரோ போனவரை இலட்சிய மனிதராக்கிப் புகழத் தொடங்குகிறார்கள். இதை விளக்க கூல்ட்னர், இறந்துபோன முதல் மனைவியின் நிழல் வீடு முழுக்க விழும் 'ரெபேக்கா' நாவலின் பெயரைக் கடன் வாங்கினார். மாத்தளைக்கு இந்த ஆய்வு பாதி தூரம் வரைதான் பொருந்துகிறது, பொருந்தாத பாதிதான் எனக்கு முக்கியம். அங்கே புதியவர் மீறியது எழுதப்படாத வாக்குறுதி. அதை அவர் அறியாமல் மீறினார் என்று வாதாடலாம். இங்கே மீறப்படுவது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம், ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே கணக்கோடு இருக்கும் கடமை. தோட்டத்துக் கணக்கில் இது பல ஆண்டாக எழுதப்பட்டு வருகிறது. இங்கே வரும் தலைவர் "எனக்குத் தெரியாது, அது முந்தியவர்கள் செய்தது" என்று சொல்ல இடமில்லை. இருந்தும் சொல்கிறார்கள்.

போனவர்களைப் புகழும் வழக்கம் மலையகத்திலும் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் மலை எப்படிச் சுத்தமாக இருந்தது, அரிசி எப்படி வந்தது, ஆஸ்பத்திரியில் மருந்து எப்படிக் கிடைத்தது என்று வயதானவர்கள் சொல்வதுண்டு. இதைக் கேட்டுவிட்டு, அடிமை மனப்பான்மை இன்னும் போகவில்லை என்று முடிவு கட்டும் படித்தவர்களை நான் எழுத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். அந்த முடிவு அநியாயமானது. அந்தக் காலம் எப்படி இருந்தது என்பது அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனும், கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக விடாத துண்டு முறையும் அவர்களுடைய பாட்டன்மாரைக் கட்டிப்போட்டன. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பழைய துரையைப் பற்றிய பேச்சு ஓர் அளவுகோல். இன்று இருக்க வேண்டியது எது, இல்லாதது எது என்பதை நேருக்கு நேர் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்ற இடத்தில், இறந்த காலத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. புதிய தலைவர்களில் கூர்மையானவர் அதை ஒரு கோரிக்கைப் பட்டியலாக வாசிப்பார்.

துண்டு காலத்தோடு இன்றைய நிலைக்கு ஓர் உறவு இருக்கிறது. அன்று தொழிலாளி தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்ததால் அதைவிட்டுப் போக முடியவில்லை. இன்று தோட்டம் தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறது. போனால் அந்தப் பணத்தைக் கேட்டு நிற்க ஆளில்லாமல் போகுமோ என்ற அச்சத்தில் பலர் பெயர் வெட்டாமல் இருக்கிறார்கள். அதோடு குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் வேலையோடு பிணைந்தது. அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது. ஒரு நிறுவனம் சரியும்போது அதில் இருப்பவர்களுக்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்ற இரண்டு வழிகள் இருப்பதாகவும், விசுவாசம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்வதாகவும் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹர்ஷ்மன் 1970இல் எழுதினார். மாத்தளைத் தோட்டங்களில் இரண்டு வழியும் பாதிப் பாதியாக அடைபட்டிருக்கின்றன. முழுதாகப் போக முடியாது, முழுதாகப் பேசவும் முடியாது. ஆகவே பாதி வெளியேறுகிறார்கள். பெயர் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் இருக்க, வாரத்தில் சில நாள் வெளியே கூலி வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் போட, மற்றவர்கள் மாத்தளை நகரக் கடைகளுக்கும், கொழும்புக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும், வளைகுடாவுக்கும் போகிறார்கள். நிர்வாக அறிக்கை இதை வருகைக் குறைவு என்று எழுதும். உண்மையில் இது நம்பிக்கை வைக்க ஆதாரம் கிடைக்காத இடத்தில் குடும்பம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை.

2023 ஆகஸ்டில் எல்கடுவ பிளாண்டேஷனுக்குச் சொந்தமான ரத்வத்தைத் தோட்டத்தில் நடந்தது இந்தக் கடனாளி உறவை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. இடம் போதாத ஒரு தொழிலாளர் குடும்பம் தோட்டத்து நிலத்தில் போட்டிருந்த தற்காலிகக் குடிலை, உதவி முகாமையாளர் ஒருவர் அடித்து நொறுக்கிய காட்சி கைத்தொலைபேசியில் பதிவாகி நாடு முழுவதும் பரவியது. அரசியல்வாதிகள் தோட்டத்துக்கு விரைந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. அந்த அதிகாரி மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. அப்போது பேச்சு முழுவதும் ஒரு தனிமனிதரின் மூர்க்கத்தைச் சுற்றியே நின்றது. அந்த மூர்க்கம் கண்டிக்கப்பட வேண்டியதுதான், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தத் தோட்டத்து மக்கள் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். தலைமுறைகளாக உழைத்த இடத்தில் ஒரு துண்டு நிலம் தர மறுக்கும் நிறுவனம், ஓய்வுக்காலப் பணத்தை இழுத்தடிக்கும் அரசுத் துறையின் ஓர் அங்கம். தன் சொத்தில் ஒரு குடில் ஏறினால் அன்றே வந்து இடிக்கும் வேகம், தான் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதில் ஒருபோதும் வந்ததில்லை. இத்தனை காலத்தில் எத்தனை புதிய தலைவர்கள் வந்தாலும், இந்த வேக வித்தியாசம் மாறாததை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு கேள்வி இருக்கிறது. முகாமைத்துவம் உண்மையிலேயே நிறுவனங்களை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லையா? இருக்கிறது, அதுவும் நம் பக்கத்து நாட்டிலேயே. நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் பரிசோதனை முறையில் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. தேர்ந்தெடுத்த ஆலைகளுக்கு முகாமைத்துவ ஆலோசனை இலவசமாக வழங்கப்பட்டது. அவற்றின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 17 சதவீதம் உயர்ந்தது. எனவே மாத்தளைத் தொழிலாளர் புதிய தலைவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் தம் காலிலேயே கோடாரி போடுகிறார்கள் என்று சொல்லலாமா? அந்த ஆய்வை அடிவரை படித்தால் வேறு விதமாகத்தான் தோன்றும். அங்கே பலன் தந்தவை பேச்சும் தொலைநோக்கும் அல்ல. தறியைச் சீராகப் பராமரித்தல், நூல் இருப்பைக் கணக்கு வைத்தல், குறைபாடுகளை அன்றன்றே எழுதிப் பார்த்தல் போன்ற அன்றாட வேலைகள்தான் பலன் தந்தன. பல ஆண்டு கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனபோது, ஏற்றுக்கொண்ட நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. அதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று முகாமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தது. இதைவிட மாத்தளைக்குப் பொருந்தும் ஆதாரம் வேண்டுமா? நல்ல முகாமைத்துவம் மாற்றம் தரும். அடிக்கடி மாறும் தலைமை அந்த மாற்றத்தையே விழுங்கும். தொழிலாளர் ஒரு தலைவரின் திறமையைச் சந்தேகிக்கவில்லை, அவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதைத்தான் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு 2015 முதல் இன்று வரையிலான வரலாறே சாட்சி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது, நேர்மையாகச் சொன்னால் அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைப் பழைய நிலுவைக்குக் கொடுத்தால் உரம் வாங்க முடியாது. உரம் இல்லாமல் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாமல் அடுத்த மாதச் சம்பளமே இல்லை. எனவே முதலில் வருமானத்தைப் பெருக்கி, பின்பு கடனைத் தீர்ப்பதுதான் பொறுப்பான தலைமை என்பார்கள். இந்த நெருக்கடி பொய்யல்ல. ஆனால் முழு நிலுவையையும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் எவரும் கேட்கவில்லை. புதிய தலைவர் வந்த மாதத்திலிருந்து புதிய நிலுவை சேராமல் நிறுத்துவது ஒன்று. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுப்பது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் பெரும் முதலீடு வேண்டியதில்லை, துணிவுதான் வேண்டும். கடனை இப்படிப் பெயர் பெயராக ஒப்புக்கொண்டால் அமைச்சு பதில் சொல்ல வேண்டி வரும், கோப் குழு கேள்வி கேட்கும். ஒப்புக்கொள்ளாமல் இருப்பது தலைவருக்கு இலகு. தோட்டத்து மரங்களை வெட்டி விற்கும்போதும், நிலம் பிரித்துக் கொடுக்கும் பேச்சு எழும்போதும், அந்தப் பணத்தில் எத்தனை ரூபா நிலுவைக்குப் போகும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாதவரை, முதலில் வருமானம் பிறகு கடன் என்ற வாதத்தைத் தொழிலாளர் நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தொழிற்சங்கங்கள் தூண்டிவிடுகின்றன என்ற பேச்சை நீண்ட நேரம் ஆராய வேண்டிய தேவையில்லை. சங்கங்கள் பல, சந்தாப்பணம் செக்ரோலிலேயே கழிக்கப்படுகிறது, சங்கத் தலைவர்களில் பலர் அமைச்சர்களாகவும் அரசாங்கத்தின் பங்காளிகளாகவும் இருந்திருக்கிறார்கள். தோட்ட நிறுவனத்தின் தலைவரை நியமிக்கும் அரசாங்கத்தில் உட்கார்ந்துகொண்டே தொழிலாளருக்காகப் பேச வேண்டிய சங்கடம் அவர்களுக்கும் உண்டு. தோட்டத்து மக்கள் புதிய தலைவரை எந்த அளவுகோலால் அளக்கிறார்களோ அதே அளவுகோலால் சங்கத்தையும் அளக்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் மாத்தளையில் மலையக வாக்கு நகர்ந்திருப்பதே அதற்குச் சான்று.

அப்படியானால் இத்தோட்டங்களைத் தனியாருக்கு விற்றுவிடலாமே என்பதுதான் பொருளியல் பத்திகளில் அடிக்கடி வரும் முடிவு. 1992க்குப் பிந்திய தனியார் கம்பனிகளில் சம்பளப் பிரச்சினைகள் ஓயவில்லை. 2024இல் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் கம்பனிகளின் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின்னர் 1,350 ரூபா அடிப்படையும் 350 ரூபா உற்பத்தி ஊக்குவிப்புமாக வந்து முடிந்தது. ஆனாலும் அரச நிறுவனங்களில் போல் சட்டப்படியான கொடுப்பனவுகள் மலையாகக் குவியும் நிலை பெரும்பாலான தனியார் கம்பனிகளில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் தனியார் உடைமையின் மகிமை என்று நான் நினைக்கவில்லை. தனியார் கம்பனி சேமலாப நிதி கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதிமன்றம் போகலாம், வங்கி கேள்வி கேட்கும், பங்குதாரர் அஞ்சுவர். அரச தோட்டம் கட்டாவிட்டால் கடன்பட்டவரும் கடனை வசூலிக்க வேண்டியவரும் ஒரே அமைச்சரவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். தொழில் ஆணையாளர் நாயகம் பெருந்தோட்ட அமைச்சின் நிறுவனத்தைக் கடைசி வரை துரத்துவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மிஞ்சியது. இதைத் திருத்தாமல் விற்றால், நிலுவை வாங்குபவரின் தலையிலா, விற்கும் அரசின் தலையிலா என்ற வழக்கில் இன்னும் பத்து ஆண்டு போகும். அந்தப் பத்து ஆண்டில் காத்திருக்கும் முதியவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? விற்பனைக்கு முன்னரே நிலுவையைத் திறைசேரி பெயர் பெயராகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அதைச் செய்யாத எந்தச் சீர்திருத்தத்தையும் தோட்டத்து மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பது சரியே.

மாத்தளைக்கு அடுத்து வரும் தலைவர் செய்யக்கூடிய முதல் காரியத்துக்குப் புதிய சட்டம் வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகரும் வேண்டாம். செக்ரோலும் சம்பளப் பதிவேடும் தோட்டக் காரியாலயத்தில் இருக்கின்றன. வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், இறந்தவரின் வாரிசு என ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை சேமலாப நிதி கட்டப்படவில்லை, சர்வீஸ் காசு எவ்வளவு, எந்தக் காலாண்டில் எத்தனை ரூபா தரப்படும், தராவிட்டால் யாரிடம் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் முறையிடலாம். தலைவரின் கையெழுத்தும் அமைச்சின் செயலாளர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும், தலைவர் மாறினாலும் கையெழுத்து மாறாமல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதற்காக. தோட்ட வாரியான மொத்தத் தொகையைப் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு காலாண்டும் எவ்வளவு குறைந்தது என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகும் காலையில் பெயர் கொடுக்க ஆள் வரவில்லை என்றால், மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அன்றைக்கு எடுத்துப் பேசலாம்.